கல்லடிப் பாலத்தளவில் ஒரு நிலா

அக்காவின் மகன் தரம் எட்டில் படிக்கிறான். போன மாதம் வகுப்புச் சோதனைத் தாளைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான், முகம் கறுத்துப்போய். கேள்வி: சனிக் கோளுக்கு எத்தனை உபகோள்கள் (நிலாக்கள்)? இவன் எழுதியது 274. சேரின் குறிப்பில் இருந்தது 62. சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. "நெட்டில 274 எண்டுதானே மாமா கிடக்கு, மறுகா ஏன் பிழை போட்டவர்?" என்று நின்றான்.

இரண்டுமே சரியாக இருந்த எண்கள்தான், காலம்தான் வேறு. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய புத்தகத்தைத் திறந்தால் 62 இருக்கும். 2025 மார்ச்சில் ஒரே அடியாக 128 உபகோள்களைச் சேர்த்தார்கள், அப்போதுதான் 274 ஆனது. இதை மட்டும் சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு இந்த எண்ணில் பெரிய அக்கறை இல்லை. இவ்வளவு சின்னச் சாமான்களை இவ்வளவு தூரத்தில் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் கதை, அதிலும் வளையத்துக்குள்ளேயே ஒளிந்து கிடக்கிற குட்டி நிலாக்களின் கதை. அதில் ஒன்று மட்டக்களப்பில் நம் கல்லடிப் பழைய பாலத்தின் நீளம்தான் இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஏன் கஷ்டம் என்று பார்க்க வேண்டும். இரவில் கல்லடிப் பாலத்தில் நடந்து போயிருப்பீர்கள். எதிரே லொறி ஒன்று பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது, அதற்குப் பக்கத்திலேயே லைட் இல்லாத சைக்கிளில் ஓர் ஆள் வருகிறார். அவர் உங்களுக்குத் தெரியவே மாட்டார், மோதுகிற மாதிரி வந்த பிறகுதான் தெரியும். சனிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நிலா என்பது அந்தச் சைக்கிள்காரர்தான். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரியன் கொடுப்பதைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். பக்கத்திலோ கோளும் வளையமும் பளீரென்று எரிகின்றன. வளையமும் முக்கியம், ஏனென்றால் அது பனிக்கட்டி.

வளையம் என்றால் என்ன என்பதில் கொஞ்சம் நிற்கிறேன், இது விளங்காவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது. படத்தில் பார்க்கும்போது கிராமபோன் தட்டு மாதிரி ஒரே துண்டாகத் தெரியும். கலிலியோ 1610இல் பார்த்தபோது அது என்னவென்றே அவருக்குப் பிடிபடவில்லை, சனிக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஹைகன்ஸ் என்ற வானியலாளர்தான் பிறகு அது கோளைத் தொடாமல் சுற்றிக் கிடக்கும் வளையம் என்று சொன்னார். 1850களில் மாக்ஸ்வெல் என்ற பௌதிகவியலாளர் கணக்குப் போட்டு, ஒரே திண்மத் துண்டாக இருந்தால் அது நிலைத்திருக்காது, தனித்தனித் துண்டுகளாகத்தான் இருக்க வேண்டும் என்றார். 1895இல் கீலர் என்பவர் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதை உறுதிப்படுத்தினார். எப்படி உறுதிப்படுத்தினார் என்பதற்கு நம் களவெட்டியைவிட (நெற்கதிரை மாடு விட்டு மிதிக்கிற களம்) நல்ல உதாரணம் கிடையாது.

மெசின் வருவதற்கு முன்னால் சூடு மிதித்ததைப் பார்த்த ஆக்கள் இன்னும் இருக்கிறார்கள், என் அப்பப்பா வட்டைக்குள் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். மாடுகளை வரிசையாகப் பிணைத்து வட்டமாகச் சுற்ற விடுவார்கள். நடுவில் நிற்கிற மாடு மெதுவாக அடியெடுத்து வைத்தால் போதும், வெளி ஓரத்து மாடுதான் பாவம், ஓட வேண்டும். ஒரே கயிற்றில் பிணைத்திருப்பதால் அப்படி. வளையமும் ஒரே துண்டாக இருந்தால் இப்படித்தான் வெளி ஓரம் வேகமாகச் சுற்றும். கீலர் கண்டது நேர் எதிர்: உள் ஓரம் வேகம், வெளி ஓரம் மெதுவு. அப்படியென்றால் கயிறு இல்லை. ஒவ்வொரு துண்டும் தன் பாட்டில் சனியைச் சுற்றுகிறது, கோளுக்குக் கிட்ட இருப்பது வேகமாக, எட்ட இருப்பது மெதுவாக. தூசி தொடங்கி வீட்டளவுக் கட்டி வரைக்கும் கோடானுகோடி பனிக்கட்டித் துண்டுகள். பிரதான வளையங்கள் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை 2,70,000 கிலோமீட்டருக்கும் மேல். தடிப்போ பல இடங்களில் பத்து மீட்டர் அளவுதான், ஒரு நல்ல தென்னை மரத்தின் உயரம்கூட வராது.

"உள்ளே வேகம், வெளியே மெதுவு" என்பதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதலாவது ஒளிந்த நிலா. பெயர் பான். (பாண் இல்லை. மருமகன் இரண்டு தரம் கேட்டான், கடையில் விற்கிற பாணா என்று.) சனியின் வெளிப்பக்கப் பெரிய வளையத்துக்குள் ஒடுங்கலாக ஓர் இடைவெளி ஓடுகிறது, என்கே (Encke) என்ற வானியலாளரின் பெயரால் அதை என்கே இடைவெளி என்பார்கள். ஒடுங்கல் என்று சொன்னாலும் அகலம் 325 கிலோமீட்டர், மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரோட்டால் போகிற தூரம் அளவு. வொயேஜர் விண்கலங்கள் 1980, 1981இல் பக்கத்தால் போய்ப் படம் எடுத்தபோது அந்த இடைவெளியின் கரைகள் நேராக இல்லை, அலை அலையாக நெளிந்திருந்தன. காற்றும் தண்ணீரும் இல்லாத இடத்தில் அலை எங்கிருந்து வந்தது?

வாவியில் தோணி போவதைப் பாலத்திலிருந்து பார்க்கிற எவருக்கும் இதற்குப் பதில் தெரியும். தோணி தூரத்தில் போய் மறைந்த பிறகும் அது போன அலை கரைக்கு வந்துகொண்டே இருக்கும். அலையைப் பார்த்தால் ஏதோ போயிருக்கிறது என்று அர்த்தம். கஸி, ஸ்கார்கில் என்ற இருவர் 1985இல் அதைத்தான் சொன்னார்கள்: இந்த நெளிவை உண்டாக்குகிற நிலா ஒன்று இடைவெளிக்குள் இருக்க வேண்டும். நெளிவின் நீளத்தைப் பார்த்து அது எந்தப் பாதையில் ஓடுகிறது என்று கணக்கே போட்டுவிடலாம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மார்க் ஷோவால்டர் பழைய வொயேஜர் படங்களைத் தோண்டினார், எந்தப் படத்தில் எந்த மூலையில் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு. 1990இல் கிடைத்தது. படம் எடுத்தது 1981. அதாவது ஒன்பது வருடம் ஒரு நிலா கோப்புக்குள் கிடந்திருக்கிறது, ஒருவரும் பார்க்காமல். எனக்கு இந்தக் கதையில் ஆகப் பிடித்த இடம் இதுதான். புதிதாக எதையும் அனுப்பவில்லை, புதிய கமரா வாங்கவில்லை. வைத்திருந்த படத்தில் எங்கே பார்ப்பது என்று தெரிந்ததும் கண்ணில் பட்டது.

தோணி அலைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தோணியின் அலை இரண்டு பக்கமும் பின்னால்தான் வரும். பானுக்கு உள் பக்கம் அலை முன்னால் போகும், வெளிப் பக்கம் பின்னால் நிற்கும். கல்முனை ரோட்டில் நீங்கள் மோட்டார் சைக்கிளில் போகிறீர்கள் என்று வையுங்கள். உங்களை முந்திப் போகிற வானில் உங்கள் கை பட்டுக் கீறல் விழுந்தால், அந்தக் கீறல் உங்களுக்கு முன்னால் போய்விடும். நீங்கள் முந்திய சைக்கிளில் பட்ட கீறல் பின்னால் தங்கிவிடும். அதே கதைதான், உள்ளே வேகம், வெளியே மெதுவு.

அப்புறம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது, மருமகனும் கேட்டான். நிலா என்றால் இழுக்கத்தானே வேண்டும், பக்கத்தில் இருக்கிற துண்டுகளை இழுத்துத் தன்னோடு சேர்க்காமல் ஏன் இடைவெளி விழுகிறது? நல்ல கேள்வி. உள் பக்கத்துத் துண்டு ஒன்று பானை முந்திப் போக வருகிறது. நெருங்கும்போது பான் அதை முன்னுக்கு இழுக்கும், தாண்டிய பிறகு பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சமமாக இருந்தால் கணக்குத் தீர்ந்தது. ஆனால் கடக்கிற நேரத்தில் துண்டு பானின் பக்கம் கொஞ்சம் வளைந்துவிடுவதால், போகும்போது அது வந்ததைவிடக் கிட்டவாகப் போகிறது, பின்னுக்கு இழுப்பதுதான் கொஞ்சம் கூடிவிடுகிறது. ஆகவே துண்டு சக்தியை இழக்கிறது. சுற்றுகிற பொருள் சக்தியை இழந்தால் கோளின் பக்கம் இறங்கும், அதாவது பானைவிட்டு விலகும். வெளிப் பக்கத்தில் இதே கணக்குத் தலைகீழ், பான் துண்டை முந்துகிறது, துண்டுக்குச் சக்தி கிடைக்கிறது, அது வெளியே ஏறுகிறது. இழுத்து இழுத்தே இரண்டு பக்கமும் தள்ளிவிடுகிறது. முதல் தரம் வாசித்தபோது எனக்கும் தலை சுற்றியது, ஒரு கடதாசியில் கீறிப் பாருங்கள், விளங்கும்.

இதற்காகப் பான் யாரையும் கிட்ட விடாது என்று நினைக்க வேண்டாம். காசினி விண்கலம் 2017 மார்ச்சில் கிட்டப் போய் எடுத்த படத்தில் பான் அச்சொட்டாக ஓரம் மடித்த கொழுக்கட்டை. 28 கிலோமீட்டர் அகலமான கொழுக்கட்டை, இங்கிருந்து களுவாஞ்சிக்குடி போகிற தூரம் வரும். அதன் இடுப்பைச் சுற்றி இருக்கிற அந்த மடிப்பு, வளையத்துத் துகள் விழுந்து விழுந்து சேர்ந்த மேடு என்று சொல்கிறார்கள்.

காசினி 2004இல் சனிக்குப் போய் 2017 செப்டெம்பர் 15 வரை சுற்றியது, கடைசியில் சனிக்குள்ளேயே விழ வைத்தார்கள். அந்தப் பதின்மூன்று வருடத்தில்தான் குட்டி நிலாக்களின் வரத்து. 2005இல் டாப்னிஸ், சுமார் 8 கிலோமீட்டர். அது ஓடுகிற இடைவெளிக்குக் கீலரின் பெயர், அகலம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், மட்டக்களப்பிலிருந்து கல்முனை. டாப்னிஸின் பாதை கொஞ்சம் சாய்ந்திருப்பதால் அது கரையில் எழுப்புகிற அலை பக்கவாட்டில் மட்டும் நெளியாமல் மேலும் கீழும் எழுகிறது, ஒரு கிலோமீட்டருக்கும் மேல். தென்னை உயரம் இல்லாத வளையத்தில் ஒரு கிலோமீட்டர் அலை!

இடைவெளி திறக்கிற அளவுக்குப் பலம் இல்லாத குட்டிகளும் இருக்கின்றன. நூறு மீட்டர் அளவு. அவை துண்டுகளைத் தள்ளத்தான் பார்க்கும், ஆனால் வளையம் முழுக்கச் சுற்றி வருவதற்குள் தள்ளிய இடம் மறுபடி மூடிவிடும். அதனால் நிலாவுக்கு முன்னால் ஒரு பக்கமும் பின்னால் மறு பக்கமுமாக இரண்டு சின்னக் கீறல் மட்டும் மிஞ்சும், எஞ்சின் படகின் விசிறி மாதிரி. பெயரே விசிறிகள்தான். 2006இல் முதல் நான்கைப் படத்தில் பிடித்தார்கள், பிறகு கொஞ்சம் பெரியவற்றுக்கு விமானம் ஓட்டிய முன்னோடிகளின் பெயர் வைத்தார்கள். கவனியுங்கள், அந்த நிலாக்களை யாரும் காணவில்லை. கண்டது விசிறியை மட்டும்.

சரி, பாலத்துக்கு வருவோம்.

காலை ஆறரைக்குக் கல்லடிக் கடற்கரைக்குப் போங்கள். சூரியன் அப்போதுதான் கடலிலிருந்து ஏறியிருக்கும். மணலில் கிடக்கிற ஒவ்வொரு சிப்பிக்கும், நேற்று யாரோ நடந்த கால் தடத்துக்கும், நண்டு தோண்டிப் போட்ட மண்ணுக்கும் நீளமாக நிழல் விழும். அதே இடத்துக்கு மத்தியானம் போனால் மணல் தட்டையாகத் தெரியும், ஒன்றும் புலப்படாது. சனியின் வளையத்துக்கும் இப்படி ஒரு விடியற்காலை உண்டு, ஆனால் அது பதினைந்து வருடத்துக்கு ஒரு தரம் போல்தான் வரும். சனி சூரியனைச் சுற்ற 29 வருடத்துக்கும் மேல் எடுக்கிறது. அதில் இரண்டு தரம் சூரியன் வளையத்தின் ஓரத்துக்கு நேராக வரும், வெளிச்சம் வளையத்தை உரசிக்கொண்டு போகும். 2009 ஓகஸ்ட்டில் அது நடந்தபோது காசினி அங்கே நின்றது, பார்க்கவென்றே காத்துக்கொண்டு.

அந்த நாட்களில் எடுத்த ஒரு படத்தில், நடுப்பகுதியின் அடர்ந்த வளையத்தின் மேல், ஒரு கறுப்புக் கோடு. 36 கிலோமீட்டர் நீளமான நிழல். கோட்டின் ஒரு முனையில் ஒரு சின்னப் புள்ளி. நிழலின் நீளத்தையும் சூரியனின் சாய்வையும் வைத்து, அது வளையத்துக்கு மேல் ஏறக்குறைய 150 மீட்டர் உயர்ந்து நிற்கிறது என்றும், அகலம் 300 மீட்டர் அளவு இருக்கும் என்றும் கணித்தார்கள். 1924இல் கட்டிய நம் பழைய இரும்புப் பாலத்தின் நீளம் 288 மீட்டர். அந்தப் பாலத்தளவுச் சாமான் ஒன்று நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்பது அதன் நிழல் கல்முனைக்குக் கிட்டத்தட்ட நீண்டதால் தெரிய வந்தது. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. எஸ் 2009 எஸ் 1 என்ற இலக்கம்தான்.

இந்த ஓரம் திரும்புகிற காலத்துக்கு வானியலில் பழைய மவுசு இருக்கிறது. பூமியிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் அப்போது வளையம் ஒரு கோடாகச் சுருங்கிவிடும், லொறியின் லைட் பாதி அணைந்த மாதிரி. 1789இல் அப்படியொரு சமயத்தில்தான் வில்லியம் ஹேர்ஷல் மைமாஸ், என்செலடஸ் என்ற இரண்டு நிலாக்களையும் கண்டார். 1966 டிசம்பரில் அப்படியொரு சமயத்தில் டோல்பஸ் என்பவர் ஒரு நிலாவைக் கண்டார், மூன்று நாள் கழித்து வோக்கர் என்பவரும் ஒன்றைக் கண்டார். இரண்டும் ஒன்றுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள், ஆனால் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் இரண்டு நிலா ஒரே பாதையில் ஓடுகின்றன என்று இருவர் கண்டு சொன்னார்கள். ஜானஸ், எபிமீதியஸ். இரண்டின் பாதைக்கும் இடையே 50 கிலோமீட்டர்தான், அவற்றின் உடம்பே அதைவிடப் பெரிது. மோத வேண்டியவை மோதாமல் நாலு வருடத்துக்கு ஒரு தரம் பாதையை மாற்றிக்கொள்கின்றன, இவர் உள்ளே, அவர் வெளியே. வரப்புத் தகராறு இல்லாத இரண்டு காணிக்காரர்.

வளையம் சனிக்கு மட்டும் என்று இல்லை. வியாழனுக்கும் நெப்டியூனுக்கும் மெல்லியதாக உண்டு. யுரேனஸின் வளையத்தைக் கண்டது இந்து சமுத்திரத்துக்கு மேலே, 1977 மார்ச் 10ஆம் திகதி, விமானத்துக்குள் தொலைகாட்டியை வைத்துக்கொண்டு பறந்த ஒரு குழு. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்க்கப் போனார்கள். கோள் மறைப்பதற்கு முன்னமே நட்சத்திரம் ஐந்து தரம் கண் சிமிட்டியது, மறைந்து வெளியே வந்த பிறகு மறுபடி ஐந்து தரம். வளையம்! ஆனால் ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது, ஏன் பரந்து போகவில்லை? 1979இல் கோல்ட்ரைக், ட்ரெமெய்ன் இருவரும் ஒரு யோசனை சொன்னார்கள்: உள்ளே ஒரு நிலா, வெளியே ஒரு நிலா, இரண்டும் வளையத்தைத் தள்ளித் தள்ளி நடுவில் வைத்திருக்கின்றன, பட்டி மாட்டை ரோட்டில் சாய்த்துக்கொண்டு போகும்போது இரண்டு பக்கமும் ஆள் நடக்கிற மாதிரி. பான் இடைவெளி திறக்கிற அதே விசைதான் இங்கே வேலி. மேய்ப்பன் நிலாக்கள் என்று பெயர். 1986இல் வொயேஜர் 2 போனபோது யுரேனஸின் பிரகாசமான வளையத்துக்கு இரு பக்கமும் கோர்டீலியாவும் ஒபீலியாவும் நின்றன.

அந்த வொயேஜர் தவறவிட்ட ஒன்றை ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி 2025 பெப்ரவரி 2ஆம் திகதி எடுத்த படங்களில் கண்டுபிடித்தார்கள். 40 நிமிடம் வீதம் பத்துப் படம். சுமார் 10 கிலோமீட்டர் அகலம்தான். யுரேனஸுக்கு அதோடு 29.

மருமகனின் 128 மட்டும் வேறு சாதி. அவை வளையத்துக்குள் இல்லை, சனியைவிட்டு வெகு தூரத்தில், சாய்ந்தும் பின்னோக்கியும் ஓடுகிறவை, எங்கிருந்தோ வந்து மாட்டி உடைந்தவற்றின் துண்டுகள். ஒரு படத்தில் தெரியாத அளவு மங்கல். நிறையப் படம் எடுத்து, நிலா நகர்ந்திருக்கக்கூடிய தூரத்துக்கு ஒவ்வொன்றையும் நகர்த்தி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டுப்போகும், நிலா மட்டும் ஒரே இடத்தில் சேர்ந்து புள்ளியாகும். பொறுமை வேலை.

"அப்ப விசிறியும் சேர்த்தா எத்தினை மாமா?" என்றான். அங்கேதான் சிக்கல். உபகோள் என்றால் குறைந்தது இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஓர் எல்லை வைக்கவில்லை. வளையத்தில் இருக்கிற ஐஸ் கட்டி ஒவ்வொன்றும் சனியைத் தனியாகத்தான் சுற்றுகிறது, களவெட்டிக் கயிறு இல்லாமல். வீட்டளவுக் கட்டியை எண்ணாமல் பாலத்தளவுக்கு இலக்கம் கொடுக்கிறோம், ஏனென்றால் அதன் நிழலைப் பார்த்துவிட்டோம்.

போன கார்த்திகையில் மாரி மழை விட்ட ஓர் இரவு முற்றத்தில் என் சின்னத் தொலைகாட்டியை வைத்து அவனுக்குச் சனியைக் காட்டியிருந்தேன். வளையம் அப்போது ஓரம் திரும்பி ஊசி மாதிரி ஒரு கோடு, பக்கத்தில் சனியின் பெரிய நிலா டைட்டன் ஒரு புள்ளி, 1655இல் ஹைகன்ஸ் கண்ட அதே புள்ளி. "இவ்வளவுதானா?" என்று அன்றைக்குக் கேட்டவன்தான். இப்போது அந்தக் கோட்டுக்குள்ளேயா பாலம் இருக்கிறது என்று கேட்கிறான்.

தாளை எடுத்துக்கொண்டு சேரிடம் திரும்பப் போனானாம். அரைப் புள்ளி கொடுத்திருக்கிறார்.